கம்முனுப் பெட்டி

செங்காட்டுப்பாளையத்தில் சத்தமே இல்லாமல் போன அந்த வருசத்தில் ஊர்க்காரர்களிடம் போய் என்னய்யா ஆச்சு என்று கேட்டிருந்தால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே, அது போயிருச்சுங்க, இப்ப நல்லாத்தான் இருக்குது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருப்பார்கள், இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது என்று நம்மை ஒரு பார்வையும் பார்த்திருப்பார்கள், ஏனென்றால் அது யாருக்கும் இடைஞ்சலாக வரவில்லை, எல்லாருக்கும் சௌகரியமாகத்தான் வந்தது. சௌகரியமாக வந்து சேர்கிற எதையும் அந்த ஊர் ஏன், எதற்கு என்று கேட்டதில்லை. எந்த ஊர்தான் கேட்டது?

அதற்கு முன் அது எப்படிப்பட்ட ஊர் என்று சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வீடு விசைத்தறி. விடியுமுன் தொடங்குகிற தடதடப்பு ஷிஃப்ட் மாறி ஷிஃப்ட் மாறி மறுநாள் விடியல்வரை ஓடும், சுவரில் மாட்டிய படம் ஆடும், டம்ளரில் வைத்த தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கும், அந்த ஊரில் பிறந்த குழந்தைகள் தறி நின்றால்தான் விழித்துக்கொண்டு அழும். புருசன் பெண்டாட்டி ரகசியம் பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும், ஆகவே அந்த ஊரில் ரகசியமே கிடையாது. வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், பெண் வீட்டார் தங்களோடு சண்டைக்கு வருகிறார்கள் என்று நினைத்துப் பாதிப் பலகாரத்தோடு எழுந்து போனதும் உண்டு.

அந்த ஊரின் பஸ் ரோட்டில் சென்னியப்பன் காருக்குப் பாட்டுச் செட்டு மாட்டிக்கொடுக்கிற கடை வைத்திருந்தான். ஆள் கொஞ்சம் முசுடு. ஸ்பீக்கர் கரகரத்தால் அவனுக்குப் பல்வலி வந்த மாதிரி இருக்கும், அந்த ஊரிலோ கரகரக்காத காரே கிடையாது. அதற்குக் காரணம் உண்டு. பாட்டைத் தூக்கிக் கொடுக்கிற ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருக்கும், அதைக் கெயின் என்பார்கள். பாட்டைப் போடாமல் பெட்டியை மட்டும் ஓடவிட்டு, ஸ்பீக்கரில் காதை வைத்து, உஸ் என்ற இரைச்சல் கேட்கிறவரை திருகை ஏற்றி, அது அடங்குகிற இடத்துக்கு இறக்கி நிறுத்த வேண்டும், அதுதான் முறை. செங்காட்டுப்பாளையத்தில் அந்த உஸ்ஸை எவன் கேட்டான்? இத்தனை தறிக்கு நடுவே அது கேட்பதற்குள் திருகு உச்சிக்கே போய்விடும், போன இடத்திலேயே நின்றுவிடும், பாட்டுக்காரி தொண்டையில் மணல் அள்ளிப் போட்டமாதிரி பாடுவாள். சென்னியப்பனும் அப்படித்தான் மாட்டிக்கொடுத்தான், மனதுக்குள் திட்டிக்கொண்டே.

அவன் மனைவி ரேணுகாவுக்கு இருமல் இருந்தது. பாவாடை தாவணியில் தறிக்குப் போனவள், மகள் மேகலா வயிற்றிலிருந்தபோதும் தறி ஓட்டியவள், பஞ்சுத் தூசியைச் சோற்றைவிட அதிகம் தின்றவள். அந்த இருமல் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சைப் பிறாண்டி, தறிச் சத்தத்தையும் தாண்டித் தெருவுக்குக் கேட்கும். நெஞ்சைத் தட்டிப் பார்த்த உள்ளூர் டாக்டர், கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கூட்டிப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லியிருந்தார். போகலாம் என்று சென்னியப்பன் சொன்னான். ஐப்பசி முகூர்த்தம் முடியட்டும், கார்த்திகை சீசன் முடியட்டும் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான், அவள் இருமிக்கொண்டே இருந்தாள், அந்த இருமல் கேட்கும்போதெல்லாம் அவனுக்குக் கோயமுத்தூர் ஞாபகம் வந்து உடம்பெல்லாம் கூசும்.

அந்த வருச ஆயுத பூசைக்குத் தறிகளெல்லாம் நின்றன. வருசத்தில் ஒரே ஒரு நாள்தான் அந்த ஊர்த் தறிகள் ஒன்று விடாமல் நிற்கும். தறிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, தெருமுனையில் பூசணிக்காய் உடைத்துவிட்டுச் சனங்கள் காது அடைத்த மாதிரி நடமாடுவார்கள். பூசைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது. சென்னியப்பன் தன் கடைச் சாமான்களை, சால்டரிங் இரும்பு முதல் பல்லுக்குச்சி மாதிரி இருக்கிற சின்னத் திருப்புளிவரை, சாமி படத்துக்கு முன் அடுக்கி வைத்திருந்தான். அப்போதுதான் வாடகைக் கார் ஓட்டுகிற நல்லசிவம் வந்து சேர்ந்தான், கையில் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி.

"சென்னியண்ணா, கோயமுத்தூர்ல வாங்குனனுங்க. சீட்டுக்கு அடியில வெச்சரலாமாம். நாளைக்கு மேட்டூர் பக்கம் ஒரு கோயில் சவாரி. நல்ல நாளும் அதுவுமா இன்னைக்கே மாட்டிக் குடுத்துருங்க."

சென்னியப்பன் பெட்டியைக் கையில் வாங்கி எடை பார்த்தான். ஆம்ப் என்றால் டிக்கியில் பாதியை அடைத்துக்கொண்டு தோசைக்கல்லாய்ச் சுட வேண்டும் என்பது அவன் கட்சி. "இத்துனூண்டுப் பொட்டில சத்தம் வேணா வரும் நல்லசிவம். சுத்தம் வராது."

"மாட்டித்தான் பாருங்களேன்."

அவன் சாமி படத்துக்கு முன் குனிந்து பூச்சரத்தை விலக்கியபோது ரேணுகா இருமலை அடக்கிக்கொண்டு சொன்னாள், "ஏனுங்க, பூசைக்கு வெச்சத இன்னைக்கு எடுக்கக் கூடாதுங்க."

"ஒரு திருப்புளிதான புள்ள. சாமி ஒண்ணும் கோச்சுக்காது."

சாமி கோபித்துக்கொண்டதா என்பது நமக்குத் தெரியாது. நடந்தது இவ்வளவுதான்: பெட்டியை டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்து ஒயர்களைக் கொடுத்துவிட்டு, ஸ்பீக்கரில் காதை வைத்துத் திருகை ஏற்றினான் சென்னியப்பன், தன் பிழைப்பில் முதல்முறையாக அந்த உஸ் அவன் காதில் விழுந்தது. மெதுவாக இறக்கினான், உஸ் அடங்கிற்று, இன்னும் கொஞ்சம் இறக்கினான், அடங்கியதற்கும் கீழே ஓர் அடக்கம் இருந்தது, அங்கே நிறுத்தினான். ஊரே வாயை மூடிக்கொண்டிருந்த அந்த ஒரு நாளின் அமைதியைத்தான் உலகத்தின் அளவு என்று அந்தப் பெட்டி எடுத்துக்கொண்டது. புதுசாக வேலைக்கு வந்தவன் முதல் நாள் கண்டதையே முறை என்று பிடித்துக்கொள்வதில்லையா, அந்த மாதிரி.

பாட்டைப் போட்டார்கள். ஏதோ பழைய காதல் பாட்டு, பெண் குரல். பாடுகிறவள் எச்சில் விழுங்குவது கேட்டது, வயலின் வில் தந்தியைத் தொடுமுன் தயங்குவது கேட்டது, தபலாக்காரரின் விரலிலிருந்த வியர்வைகூடக் கேட்டது. நல்லசிவம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "அந்தம்மா நம்ம ஊட்டுக்குள்ள வந்து உக்காந்து பாடறாப்பல இருக்குதுங்ணா" என்றான். சென்னியப்பனின் கண்ணில் தண்ணீர் நின்றது. வாசலில் நின்ற ரேணுகா பாட்டு முடிகிறவரை சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு இருமாமல் இருந்தாள், அவனுடைய சந்தோசத்தைக் கெடுக்க வேண்டாம் என்று.

மறுநாள் காலை தறிகள் ஓடத் தொடங்கின. நல்லசிவம் சவாரிக்குக் கிளம்புமுன் தறித்தெருவில் மாமனார் குப்பண்ணன் வீட்டு முன் காரை நிறுத்தி, அவர் பல் விளக்கி முடிக்கிறவரை அந்தப் பாட்டை ஓடவிட்டான். பாட்டு முடிந்தபோது குப்பண்ணனின் தறிகளெல்லாம் ஊமையாக ஓடிக்கொண்டிருந்தன. நூல் சுமக்கிற நாடாக்கட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறந்தது, துணி சுருண்டது, சத்தம் மட்டும் இல்லை. கார் போன பிறகும் அது திரும்பி வரவில்லை. குப்பண்ணன் வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டுப் பட்டறையை எட்டிப் பார்த்தார், துணியைத் தொட்டுப் பார்த்தார், நெசவில் குறை இல்லை என்று கண்டதும், "பரவால்லையே" என்றார். சாயங்காலம் மருமகன் சவாரி முடிந்து திரும்பியதும், "பக்கத்துப் பட்டறைக்கும் ஒரு பாட்டுப் போட்டு உடுங்க மாப்பள, அவனுதுதான் பெரிய எரைச்சல்" என்றார்.

ஐப்பசி பிறப்பதற்குள் தறித்தெரு முழுக்க அடங்கிவிட்டது. கார் பக்கத்தில் நின்று பாட்டு ஓடினால், ஓடுகிற நேரத்தில் அங்கே எந்தச் சத்தம் இருந்ததோ அதைப் பெட்டி விழுங்கிவிடும், பிறகு அந்த இடத்திலிருந்து, அந்த ஆளிடமிருந்து, அந்தச் சத்தம் வராது. இதை யாரும் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்யவில்லை, பால் எத்தனை மணிக்கு வரும் என்பது தெரிகிற மாதிரி தெரிந்துகொண்டார்கள். டீக்கடை மாரப்பன் பாட்டு ஓடுகையில் "ரெண்டு லைட்டு, ஒரு ஸ்ட்ராங்" என்று கத்தியவன் அந்தக் கத்தலை இழந்தான், மற்றதெல்லாம் பேசுவான், அதைக் கத்த மட்டும் வாய் திறந்தால் காற்றுத்தான் வரும், அவன் விரலைக் காட்டி வியாபாரம் பண்ணப் பழகிக்கொண்டான். அதன்பின் பாட்டு ஓடும்போது காருக்குப் பக்கத்தில் யாரும் பேசக்கூடாது என்று ஊரில் ஒரு முறை வந்தது. செருப்பு விட்டுக் கோயிலுக்குள் போவதுபோல, வாயை மூடிக்கொண்டு காரைக் கடந்து போனார்கள். பெட்டிக்குக் கம்முனுப் பெட்டி என்று பேரும் வைத்தார்கள்.

காரை அழைக்கவும் ஒரு முறை வந்தது. தட்டில் வெற்றிலை பாக்கு, ரெண்டு வாழைப்பழம், ஒரு எலுமிச்சம்பழம் வைத்து நல்லசிவத்தின் வீட்டுக்குப் போய், எங்க ஊட்டுப் பக்கம் ஒரு பாட்டுப் போட்டு விடோணும் என்று கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் இடைவேளைச் சத்தத்துக்கு ஒரு பாட்டு, ரைஸ்மில்லுக்கு ஒரு பாட்டு, தீராமல் சண்டை போடுகிற பங்காளிகள் வீட்டு முன் ரெண்டு பாட்டு. சத்தத்தை அளக்கிற கருவியோடு வந்த அதிகாரிகள் முள் அசையாததைப் பார்த்துக் கருவிதான் பழுது என்று எழுதிக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். தறிக்குள் வேலை செய்த பெண்கள் ஒருவர் பேச்சை ஒருவர் முதல்முறையாக ஒழுங்காகக் கேட்டார்கள். கேட்ட பிறகு சில பேர் பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள்.

குப்பண்ணனின் பட்டறையில் சரசாள் என்ற பெண் ஓடுகிற தறியை நின்றுவிட்ட தறி என்று நினைத்து இழை முடியக் கையைக் கொடுத்தாள். முழங்கைக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. ஊர் ரொம்ப வருத்தப்பட்டது. வருத்தப்பட்டு, ஓடுகிற தறியில் சிவப்பு நாடா கட்ட வேண்டும் என்று முடிவு செய்தது. நாடா ஆடினால் தறி ஓடுகிறது என்று அர்த்தம். சரசாள் அதற்குப் பிறகு நாடா வெட்டிக்கொடுக்கிற வேலைக்கு வந்தாள்.

பிறகு லோகநாதன் தட்டு வைத்தான். அவன் நூல் கமிசன் ஏவாரம் பண்ணுகிறவன், நல்ல மனுசன், யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காதவன். அவன் அம்மா பாவாயம்மா பக்கவாதம் வந்து பின்னறையில் கிடந்தாள். பேச்சு குழறும், ஆனாலும் "லோகா, லோகா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள், முன்பு தறிச் சத்தத்தில் அது அமுங்கிப்போகும், தறி அடங்கிய பிறகு தெரு முழுக்க அதுதான் கேட்டது. சாப்பிட உட்கார்ந்தால் லோகா, கணக்குப் பார்த்தால் லோகா. நல்லசிவம் பின்னறை ஜன்னலோரம் காரை நிறுத்திப் பாட்டைப் போட்டான். பாட்டு முடிந்ததும் பாவாயம்மாளின் வாய் திறந்து திறந்து மூடிற்று. லோகநாதன் மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்தான், தெருவும் அவனை வாழ்த்தியது. பின்னறைக்குப் போகிறவர்கள் மெல்லக் குறைந்தார்கள். ஒருநாள் நாற்றம் வந்துதான் கதவைத் திறந்தார்கள். அதற்கும் ஊர் ஒரு முறை செய்தது: பாட்டுப் போட்ட வீட்டில் காலையில் ஒருதரம் உள்ளே போய்ப் பார்த்துவிட வேண்டும். இந்த மாதிரி முறைகளைச் செய்வதில் செங்காட்டுப்பாளையத்துக்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

சென்னியப்பனுக்கு எல்லாம் தெரியும். இறக்கிய திருகை ஏற்றினால் போனதெல்லாம் வரும் என்பதும் தெரியும், மாட்டினவனுக்குத் தெரியாதா? ஊருக்கும் உள்ளுக்குள் தெரிந்திருக்கும், ஆனால் யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஊரெல்லாம் அவனை மெச்சியது, வெளியூரிலிருந்தெல்லாம் கார்கள் வந்தன. அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. அந்தப் பாட்டை அவனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. நல்லசிவம் காரைக் கடையில் விட்டுப் போகிற நாளெல்லாம், ஒயரைப் பார்க்கிறேன், செட்டிங் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிடுவான். ஊரில் ஒரு சத்தம் குறையக் குறைய அந்தப் பாட்டு இன்னும் துலங்கிக்கொண்டே வந்தது.

இப்போது ஊரில் மிஞ்சிய பெரிய சத்தம் ரேணுகாவின் இருமல்தான். முன்பு தறிகளோடு போட்டி போட்ட அது இப்போது போட்டியே இல்லாமல் தெருக்கோடிவரை போயிற்று. அக்கம்பக்கத்தார் முதலில் கசாயம் கொண்டுவந்து கொடுத்தார்கள், பிறகு யோசனை கொண்டுவந்து கொடுத்தார்கள். சென்னியப்பன் அவளிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைச் சொன்னான்.

"ஒரே ஒரு பாட்டுத்தான் ரேணு. உனக்கும் நல்லதுதான."

அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "இருமல் போயிருமுங்களா, இருமல் சத்தம் போயிருமுங்களா?"

அவன் கீழே உதிர்ந்த கீரையைப் பொறுக்கி முறத்தில் போட்டான்.

"நீங்க கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்க."

"போலாம். தைக்குள்ள போயிரலாம். அதுவரைக்கும் நிம்மதியா இருக்கலாமில்ல."

யாருக்கு நிம்மதி என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கீரைக்காம்பைக் கூட்டி அள்ளிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தானே வாசலுக்கு வந்து காருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். இருமலை வெற்றிலை வைத்து அழைக்க வேண்டியதில்லை, பாட்டின் முதல் வரியிலேயே வந்துவிட்டது, பாட்டு முழுக்க இருந்தது. பாட்டு முடிந்தபோது அவள் தோள்கள் குலுங்கின, கழுத்து நரம்பு புடைத்தது, வாய் திறந்தது, சத்தம் இல்லை. அப்பாடா என்றது தெரு. அடுத்த வீட்டுக்காரி ஒரு கிண்ணம் கேசரி கொண்டுவந்து கொடுத்தாள்.

சத்தம் போனதும் சென்னியப்பனின் கூச்சமும் போனது. வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அவன் அன்றிலிருந்து நன்றாகத் தூங்கினான். தை வந்தது, மாசி வந்தது. சமையல்கட்டில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பதைக் கண்டால் எதையோ தேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். கொடியில் காய்ந்த துண்டில் பழுப்பாகக் கறை இருந்தது, அதையும் பார்த்தான். பார்த்ததைப் பார்க்காததாக வைத்துக்கொள்ள அந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பங்குனியில் ஒரு மத்தியானம் நல்லசிவத்தின் காருக்குப் பின்கதவில் புது ஸ்பீக்கர்கள் மாட்டி முடித்துவிட்டு, எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று சென்னியப்பன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். பாட்டைப் போட்டான். இப்போது அது முன்னாலிருந்தும் வந்தது, முதுகுக்குப் பின்னாலிருந்தும் வந்தது, தண்ணீருக்குள் இறங்கி நிற்பது மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டான். பாட்டு முடியப்போகையில் கையை மட்டும் நீட்டி மறுபடி முதலிலிருந்து போட்டான். மறுபடியும் போட்டான். எத்தனை தரம் என்று அவனுக்கே நினைவில்லை. பசித்த பிறகுதான் கதவைத் திறந்து இறங்கினான்.

பின்சக்கரத்தோரம் ரேணுகா சாய்ந்து கிடந்தாள். சோற்றுக் கேரியர் பக்கத்தில் நேராக நின்றது, ரசம் சிந்திவிடக் கூடாதென்று நிதானமாக வைத்திருந்தாள். முகத்தில் ஈ இருந்தது. அவன் அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு ரேணு ரேணு என்று கத்தினான், காரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அவன் கத்தல் அவனுக்கே கேட்கவில்லை.

சாவு வீட்டுக்குச் செங்காட்டுப்பாளையம் குறை வைக்காது. பந்தல் போட்டார்கள், நாற்காலி வந்தது, லோகநாதன் முன்நின்று எல்லாம் செய்தான். ஒப்பாரியால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பரீட்சைப் படிப்பு கெடக்கூடாதென்று, தட்டு வைக்காமலே நல்லசிவம் காரைக் கொண்டுவந்து பந்தலோரம் நிறுத்திப் பாட்டைப் போட்டுவிட்டான். சாவு வீட்டுக்கு அதுவும் ஒரு மரியாதை என்று ஆகியிருந்தது. பெண்கள் வட்டமாகக் கட்டிக்கொண்டு குலுங்கினார்கள், பாட்டு ஓடியது.

சேலத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த மேகலா பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். தெருமுனையிலிருந்தே வாய் திறந்திருந்தது. அம்மா என்று கத்துகிறாள் என்பது உதட்டில் தெரிந்தது. பந்தலுக்குள் நுழைந்து தாயின் மேல் விழுந்து, முகத்தைத் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினாள். காதலைப் பற்றி அந்தப் பாட்டுக்காரி குழைந்து குழைந்து பாடிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் அழுகை போய்க்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் பொறுமையாக, மரியாதையாக, பாட்டு முடியட்டும் என்று நின்றார்கள்.

சென்னியப்பன் எழுந்தான். யாரையும் பார்க்காமல் நடந்து காருக்குள் ஏறி உள்ளிருந்து பூட்டிக்கொண்டான். பாட்டை நிறுத்தினான். சட்டைப் பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்துச் சீட்டுக்கு அடியில் கையை விட்டபோதுதான் வெளியே இருந்தவர்களுக்கு விசயம் புரிந்தது. நல்லசிவம் கண்ணாடியில் அடித்தான். குப்பண்ணன் கதவைப் பிடித்து இழுத்தார். லோகநாதன் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு கும்பிட்டான்.

"வேண்டாம் சென்னியப்பா. எங்கம்மா அந்தப் பொட்டிக்குள்ள இருக்குறா. நீ கும்புடற சாமிக்கோசரம் அதத் தொடாத. போனவிய போயிட்டாங்க, இருக்கறவிய இருக்கோணுமில்ல."

"என்ற பொண்ணு அழுவுறா லோகநாதா. அது கேக்கோணும்" என்றான் சென்னியப்பன், திருகை உச்சிவரை ஏற்றினான்.

போனது எந்த வரிசையில் போனதோ அந்த வரிசையில் வந்தது. முதலில் தறிகள், தெருத் தெருவாக, கார்க் கண்ணாடி அதிர அதிர. ரெண்டு லைட்டு ஒரு ஸ்ட்ராங் என்றது மாரப்பனின் கத்தல். பங்காளிகள் ஒருவரையொருவர் வெட்டிப் புதைக்கப்போவதாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஓடிவந்து கடந்து போனார்கள். சின்னப் பெட்டியில் சுத்தம் வராது என்று சொன்னவன் அவன், இப்போது ஒவ்வொன்றும் நாக்கும் எச்சிலும் மூச்சுமாக, பிசிறில்லாமல் வந்தது. லோகா என்றாள் பாவாயம்மா. அந்தக் குழறல்கூடத் தெளிவாக இருந்தது. லோகா, தண்ணி. லோகா, கொஞ்சம் திருப்பிப் போடுறா. லோகா, வெளிய இருக்கியா. லோகநாதன் தெருப் புழுதியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டான். சனங்கள் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினார்கள், அவரவர் சத்தம் அவரவர் கதவு வழியாக உள்ளே போனது.

பிறகு இருமல் வந்தது, பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை. சென்னியப்பன் அதை இந்தத் தடவை முழுசாகக் கேட்டான். அதற்குப் பிறகு, பின்கதவில் அவன் தன் கையால் மாட்டிய ஸ்பீக்கரிலிருந்து, முதுகுக்குப் பின்னால், கேரியரைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"ஏனுங்க."

ஒரு இருமல் நேரத்துக்கு வெறும் காற்று, அந்தச் சத்தம்தான் முன்பே போய்விட்டதே.

"ஏனுங்க, கொஞ்சம் எறங்கி வாங்க. மூச்சு உட முடியலீங்க."

விரல் நகம் கார்த் தகரத்தைச் சுரண்டியது. நெஞ்சுக்குள் ஏதோ கிழிந்தது, அதுவும் கேட்டது. பிறகு அவள் எட்டிப் பார்த்திருக்க வேண்டும், குரல் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தது, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்ததும் அது தாழ்ந்தது, தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடக் கூடாதென்பது மாதிரி.

"பாட்டுக் கேக்கறீங்களா. செரி, பாட்டு முடியட்டுங்க."

அதற்குப் பிறகு, சக்கரத்தில் சாய்ந்துகொண்டு அவள் காத்திருந்த மூச்சு மட்டும் வந்தது, இழுத்து இழுத்து, நடுநடுவே நின்று, மறுபடி இழுத்து. சென்னியப்பன் அந்தப் பாட்டை அன்றைக்கு முடிய விடவே இல்லை.